இரண்டு குழாய், இரண்டு காது

பட்டறையில் அவருக்கு டாக்டர் என்று பெயர். இரட்டைக் கார்புரேட்டர் வைத்த பழைய கார் வந்தால், ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு ரப்பர் குழாயை வைத்து, மறுமுனைகளைக் காதுகளில் செருகிக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். இரண்டும் ஒரே அளவு காற்றை இழுத்தால் இரைச்சல் தலைக்கு நடுவில் கேட்குமாம். காற்றை அளக்கும் மீட்டர் வாங்கச் சொன்னவர்களிடம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

அந்தக் கறுப்புக் கார் அவர் உயிரை வாங்கியது. சொந்தக்காரர் அசல் டாக்டர், பல் டாக்டர். முதலில் நோய் சுலபமாகப் பிடிபட்டது. ஓடும் எஞ்சினில் கார்புரேட்டர் தண்டின் ஓரத்தில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டார். உடனே சத்தம் மாறியது. தண்டு தேய்ந்து, இடுக்கு வழியாகக் கள்ளக் காற்று போகிறது. தண்டு, புஷ், ஊசி, வாஷர் எல்லாம் புதிதாகப் போட்டுக் காதால் கேட்டுச் சரிசெய்து அனுப்பினார். கார் திரும்பி வந்தது. சிக்னலில் நின்றால் உதறுகிறதாம். பின்பக்கக் கார்புரேட்டர்தான் சோனி என்று அதை மறுபடி கழற்றி மாட்டினார். அப்படியும் மூன்றாம் முறை வந்து நின்றது.

"தப்பா நினைக்காதீங்க. இந்தத் தடவையும் சரியா வரலேன்னா வேற இடத்துல காட்டிக்கறேன்" என்றார் பல் டாக்டர்.

பட்டறை டாக்டருக்குத் தப்பாக நினைக்கக்கூடத் தெம்பில்லை. குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. இந்தக் கார் கைவிட்டுப் போனால் மற்றப் பழைய கார்க்காரர்களும் போய்விடுவார்கள். அவருக்கு வேறு தொழில் தெரியாது.

குழாய்களைச் செருகினார். பின் கார்புரேட்டர் இன்னும் தணிந்த குரலில் முனகிக்கொண்டுதான் இருந்தது. அதன் திருகாணியை இன்னும் கொஞ்சம் திறந்தார். எஞ்சின் வெடவெடவென்று ஆடியது. சனியன் பிடித்த வண்டி என்று வாய்விட்டே திட்டினார்.

எதில் கோளாறு என்று தெரியாவிட்டால் இடம் மாற்றிப் போட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். கோளாறு எதனோடு போகிறதோ அதுதான் குற்றவாளி. குழாயில் ஓட்டையோ என்று இரண்டையும் காது மாற்றிச் செருகினார்.

இப்போது முன் கார்புரேட்டர் முனகியது.

குழாய்களை முனை மாற்றியும் பார்த்தார். கோளாறு குழாயோடு போகவில்லை. இடது காதிலேயே உட்கார்ந்திருந்தது. அவர் டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். பயமாக இருந்தது. பயத்தைவிட அலுப்பாக இருந்தது.

பிறகு எழுந்து, ஒரே குழாயை வலது காதில் வைத்து, முன்னும் பின்னும் மாறி மாறிக் கேட்டுத் திருகினார். பின் கார்புரேட்டரை மூன்று தடவையும் அநியாயத்துக்குத் திறந்து வைத்திருந்தது தெரிந்தது. எஞ்சின் பிள்ளை தூங்குவதுபோல் அடங்கியது.

சாப்பாட்டுத் தூக்கோடு மனைவி வந்தாள்.

"வண்டி சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சு." தூக்கைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றார். "எனக்கு இடது காது கேக்கல. இனிமே வலது பக்கம் நின்னு பேசு."

அப்போதுதான் கவனித்தார். அவள் ஏற்கெனவே வலது பக்கம்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"எவ்வளவு நாளா?" என்றார்.

"வீட்டுல இடது பக்கம் நின்னு கூப்பிட்டா திரும்பவே மாட்டீங்க. ரொம்ப நாளாவே இந்தப் பக்கம்தான் நிக்கிறேன். சொன்னா தொழில விட்டுடுவீங்களோன்னு பயம். சாப்பிடுங்க, ஆறிடும்."