தராசுக் கல்

போன மாதம் பழைய கோயிலடியில், தொல்பொருள் வேலைக்கு வந்த பெடியன் ஒருவன் என்னைப் பார்த்து, "ஐயா, கல்லில கை வைக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டான். மரியாதையாகத்தான் சொன்னான். கழுத்தில் அட்டை, கையில் அளவு நாடா, பின்னால் வெளிநாட்டுக் கொடி ஒட்டிய ஜீப். எனக்கு வந்த கோபத்தில் கைத்தடி நழுவி விழுந்தது. அவனே குனிந்து எடுத்துத் தந்தான். அதற்குப் பிறகு கோபத்தைத் தொடர்வது கொஞ்சம் கஷ்டமாகப் போய்விட்டது.

ஆனால் கேளுங்கள், அந்தக் கல்லில் கை வைக்க எனக்கு உரிமை இல்லையென்றால் வேறு யாருக்கும் இல்லை. ஏனென்று சொல்கிறேன். சுற்றி வளைத்துத்தான் சொல்வேன், வயது போனவனின் கதை அப்படித்தான் வரும்.

தொட்ட கையை முகர்ந்து பார்த்தேன். பாசி மணம்தான் இருந்திருக்க வேண்டும். எனக்கென்னவோ சுண்ணாம்பு மணத்தது. அறுபதுகளின் தொடக்கத்தில், வன்னியில் அக்கராயனுக்கு அப்பால் ஒரு குடியேற்றத் திட்டத்தில், நான் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர். மனேஜர் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கூப்பன் அரிசி நிறுப்பதும் நான், மண்ணெண்ணெய் அளப்பதும் நான், கடை கூட்டுவதும் நான்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டிக் காணி எடுத்த சனம் அது. அங்கே ஒருவரையும் பெயர் சொல்லிக் கதைப்பதில்லை, காணி நம்பர்தான். "ஏழுக்குக் காய்ச்சலாம்", "பத்தொன்பதின்ர மாடு வயலுக்க நிக்குது" என்று ஊரே இலக்கத்தில் நடந்தது. முப்பத்தொன்று என்றால் சின்னம்மாக்கா. புருஷன் பாம்பு கடித்துச் செத்த வருஷமும் வயலை விதைக்காமல் விடாதவர். அவருக்கு அரிசி நிறுக்கும்போது மட்டும் தராசு முள்ளை இரண்டு முறை பார்ப்பேன். எனக்கு அவ்வளவு பயம்.

காணி கிடைத்த சனத்துக்குக் கோயில் கிடைக்கவில்லை. பிறந்த ஊர்க் கோயில்களை யாழ்ப்பாணத்திலேயே விட்டுவிட்டு வந்தவர்கள். காடு வெட்டும்போது குளத்தின் உட்கரையில், தண்ணீர் எட்டாத இடத்தில் அகப்பட்ட பழைய கற்கோயில்தான் ஆறுதல். நாலு தூண், இடுப்பளவுக்கு இடிந்த சுவர், ஒரு சிவலிங்கம், சுவரில் யாருக்கும் வாசிக்கத் தெரியாத எழுத்து. அரிவு வெட்டுமுன் அங்கே பொங்காமல் ஒருவரும் வயலில் கத்தி வைக்கமாட்டார்கள். அப்படியிருக்கத்தான் குளக்கட்டை உயர்த்தப் போவதாக அறிவித்தல் வந்தது. கட்டு உயர்ந்தால் கோயில் தண்ணீருக்குள்.

அந்த நாளில்தான் எகிப்துச் செய்தியும் பேப்பரில் வந்துகொண்டிருந்தது. அணை கட்டுவதால் தண்ணீருக்குள் போகவிருந்த கற்கோயில்களைப் பல நாடுகள் சேர்ந்து மேலே தூக்கப் போகின்றன என்று கடையில் உரத்து வாசித்தேன். சின்னம்மாக்கா அரிசிப் பையைக் கட்டியபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"எகிப்துக் கோயிலைத் தூக்க ஏலுமெண்டால் எங்கட நாலு தூணைத் தூக்க ஏலாதோ? எழுதும் தம்பி."

"ஆருக்கு அக்கா எழுதுறது?"

"அதைத் தூக்கிறவைக்குத்தான்."

எழுதினேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று நாள் ஆங்கிலத்தில் எழுதினேன். கீழே எல்லாருடைய பெருவிரல் அடையாளமும், பக்கத்தில் காணி நம்பரும். சிரிக்காதீர்கள், பதில் வந்தது. வேறொரு நாட்டில் கோயில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பும் இத்தாலி எஞ்சினியர் ஒருவர் வழியில் ஒரு கிழமை, ஏழு நாள், வந்து தங்கிப் பார்ப்பார் என்று.

எங்கள் மடைத்தனம் அப்போதுதான் ஆரம்பித்தது. யாழ்ப்பாணத்தில் திருவிழா என்றால் முதல் வேலை கோயிலுக்கு வெள்ளை அடிப்பதுதானே. கடல் கடந்து விருந்தாளி வருகிறார், கோயில் கறுத்துப்போய்க் கிடக்கலாமா? கடையிலிருந்த சுண்ணாம்பு மூட்டை முழுவதையும் தூக்கிக் கொடுத்த புண்ணியவான் நான்தான். எழுத்து இருந்த சுவர் கரடுமுரடாக இருக்கிறது என்று அதற்கு மட்டும் இன்னொரு பூச்சு.

கொழும்புத் தொல்பொருள் திணைக்களக் கந்தோர்ப் பெரியவர் ஒருவரோடு எஞ்சினியர் வந்து இறங்கினார். கோயில் பால்போல் நின்றது. மனிதர் தொப்பியைக் கழற்றினார், அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"பாவம், கும்பிடுறார்" என்றார் சின்னம்மாக்கா.

பெரியவர் என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் பொரிந்தார். இந்த முட்டாள் சனத்தை நம்பி இதை விட்டுவைக்க முடியாது, எழுத்துள்ள கற்களைக் கொழும்பு நூதனசாலையில் காட்சிக்கு வைக்க நாளைக்கே ஏற்றுவது, மிச்சம் தண்ணீருக்குள் போகட்டும். நான் அதைக் கொஞ்சம் பதப்படுத்திச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு சொல் விடாமல், அவர் முகத்தையும் சேர்த்துத் தமிழாக்கினேன். அந்த மாதம் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

மறுநாள் காலை லொறி வந்தபோது கோயிலில் கல் தெரியவில்லை, சனம்தான் தெரிந்தது. சுவரின் ஒவ்வொரு கல்லிலும் ஒரு குடும்பம் ஏறி உட்கார்ந்திருந்தது. எழுத்துக் கல்லில் சின்னம்மாக்கா. நான் நடுநிலை மொழிபெயர்ப்பாளன், நின்றுகொண்டுதான் இருந்தேன். கால் உளையத் தொடங்கியதும் வாசற்படிக் கல்லில் குந்தினேன்.

எழும்பச் சொல்லு என்றார் பெரியவர்.

"சுண்ணாம்பு அடிச்சது பிழைதான்" என்றார் சின்னம்மாக்கா. "அதுக்குக் கோயிலைக் குடுக்கிறதோ? அடிச்ச நாங்களே கழுவுறம். முப்பத்தொண்டு எழும்பாது எண்டு சொல்லும் தம்பி."

சொன்னேன். அதென்ன முப்பத்தொன்று என்று எஞ்சினியர் கேட்டார். விளக்கினேன். அவர் சிரித்தார். பிறகு கொப்பியை எடுத்து, கோயிலைப் படமாகக் கீறி, ஒவ்வொரு கல்லுக்கும் மேலே இருந்தவர்களின் காணி நம்பரைக் கேட்டுக் கேட்டு எழுதினார். கற்களைக் கழற்றித் திரும்ப அடுக்குவதென்றால் முதலில் இலக்கம் இட வேண்டுமாம், அந்த வேலையை இந்தச் சனமே முடித்துவிட்டதாம். அப்படித்தான் அறிக்கையில் எழுதப் போகிறேன் என்று பெரியவரிடமும் சொன்னார். பின்னேரம் லொறி வெறுமையாகத் திரும்பிப் போனது.

அந்தக் கிழமை முழுவதும் தேங்காய்த் தும்பும் குளத்துத் தண்ணீரும் கொண்டு பெண்கள் கழுவினார்கள். எழுத்து மெல்ல மெல்ல வெளியே வந்தது. இரண்டு வரி மட்டும் வரவில்லை. அது என் சுண்ணாம்பு தின்றது, இன்றைக்கும் எனக்கு மனம் பொறுக்காது.

பிறகு அந்த அறிக்கையின் பேரில் கோயிலைத் தூக்க அனுமதி வந்தது, இத்தாலியிலிருந்து தபாலில் வரைபடங்களும் வந்தன. தலைமன்னார்க் கப்பலில் உளிப்பையோடு தமிழ்நாட்டு ஆசாரி ஒருவர் வந்தார். வரைபடத்தில் இருந்த குறிப்புகள் எல்லாம் ஆங்கிலம், ஆசாரிக்கோ தமிழ் மட்டும்தான். இடையில் என் அகராதி. கற்கள் ஒன்றோடொன்று பொருந்தும் உள்முகத்தில், வெளியே தெரியாதபடி, காணி நம்பரைக் கொத்தினார். தமிழ் இலக்கத்தில்தான் கொத்துவேன் என்று பிடிவாதம் வேறு. ஏழாம் காணி தன் கல்லைத் தானே பனங்குற்றிகளில் உருட்டி மேட்டுக்கு ஏற்றியது. பத்தொன்பதும் அப்படியே. ஒருவர் கல்லில் மற்றவர் கை வைக்க விடவில்லை.

வாசற்படி வந்ததும் ஆசாரி நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க கடைக்கு என்ன நம்பர் தம்பி?"

"கடைக்கு நம்பர் இல்லை."

"அப்ப தராசு போட்டுடறேன்."

மாரிமழைக்கு முன் கோயில் மேட்டில் ஏறிவிட்டது. குளம் நிறைந்து, அலை படிக்குக் கீழே வந்து நின்ற காலையில் எல்லாரும் கூடிப் பொங்கினோம். சின்னம்மாக்கா தண்ணீரைப் பார்த்து, "இதுக்கு மேல வந்து பார்" என்றார். எனக்கும் அப்படித்தான் சொல்ல வேண்டும்போல இருந்தது.

தண்ணீர் வரவில்லை. பல வருஷம் கழித்து யுத்தத்தில் ஷெல் வந்தது. கோயில் சரிந்து, உள்முகங்கள் எல்லாம் வானத்தைப் பார்த்துக் கிடக்கின்றன. இப்போது திரும்பவும் வெளிநாட்டு உதவியோடு அடுக்கப் போகிறார்கள். நல்ல விஷயம்தான், நான் வேண்டாமென்று சொல்லவில்லை. பெடியன் வாசற்படிக் கல்லைக் காட்டி எனக்குப் பாடம் எடுத்தான்.

"இது அந்தக் காலத்து வணிகர் குழுவின்ர சின்னம் ஐயா. கடல் கடந்து வியாபாரம் செய்த ஆக்கள். மற்றக் கல்லுகளிலயும் பழைய தமிழ் எண்கள் இருக்கு."

"தம்பி, அது சங்கக்கடைத் தராசு. நான்தான் மனேஜர்."

அவன் சிரித்தான். நான் ஒவ்வொரு கல்லாகத் தடியால் காட்டிச் சொன்னேன். இது ஏழு, பிள்ளைகள் கனடாவில். இது பத்தொன்பது, வீடு இருந்த இடத்தில் கிணறு மட்டும் இருக்கிறது. இது முப்பத்தொன்று. யுத்தத்தின் கடைசி இடப்பெயர்வில் சின்னம்மாக்காவை யாரோ சைக்கிளில் இருத்திக் கிழக்கே தள்ளிக்கொண்டு போனதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதற்கு அப்பால் கண்டவர்கள் இல்லை.

பெடியனின் சிரிப்பு நின்றுவிட்டது. "இதுக்கெல்லாம் ஏதும் ஆதாரம் இருக்கோ ஐயா?" என்று மெதுவாகக் கேட்டான். பெருவிரல் அடையாளம் வைத்து அனுப்பிய அந்தக் கடிதத்தின் பிரதி என் வீட்டோடு எரிந்தது. எஞ்சினியரின் கொப்பி எந்த ஊரில் கிடக்கிறதோ.

நான் தடியை ஊன்றி, மெல்ல மெல்ல இறங்கி, தராசுக் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"ஐயா, எழும்புங்கோ. மேலதிகாரி வரப்போறார்."

"வரட்டும். அந்த எண்களுக்கு ஆக்கள் இருந்தவை எண்டு நீர் எழுதும் தம்பி, எழும்புறன்."

அவன் கொப்பியை எடுத்தான். எழுதினானா, எழுதுவதுபோலக் காட்டினானா, எனக்குக் கண் அவ்வளவு தெரியாது. அதனால் முதலாம் காணியிலிருந்து ஒவ்வொரு பெயராக, உரத்துச் சொல்லத் தொடங்கினேன்.