பஸ்ஸுக்குப் போய்விடும் பூதம்

இருளாயிக்குப் பத்தொன்பது வயது. மதுரை அவனியாபுரத்தில் ஒரு ரெடிமேட் கம்பெனியில் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்கும் வேலை. ஊர் செக்கானூரணிக்கும் மேற்கே. 1998இல் ஞாயிற்றுக்கிழமைகளில் கே.கே. நகரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்த நாடக ஒத்திகைக்குப் போய்வந்தாள். ஏழரை மணிக் கடைசி பஸ்ஸை விட்டுவிடக் கூடாது என்று சொல்லித்தான் அம்மா அனுப்பினாள்.

நாடகம் போட்டவர் வெங்கடேஷ்பாபு, பேங்க் ஊழியர். இளவரசியின் நிழலைத் திருடிப்போன பூதத்தின் கதை. வசனம் எழுதித் தர மாட்டார்; நடிக்கிறவர்களே பேசிப் பேசிக் கண்டுபிடிக்க வேண்டும். கல்லூரியில் படித்த இந்துப்ரியா இளவரசி. கனத்த குரல் என்பதால் இருளாயி பூதம்.

கடைசிக் காட்சிக்கு வருவதற்குள் மணி ஆறரை ஆகிவிடும். பூதத்தின் கறுப்புப் போர்வையைக் கழற்றி, மேளம் வாசிக்கும் நல்லகாமனிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புவாள். மீதியை அவன் நடிப்பான். இந்நேரம் அங்கே என்ன பேசிக்கொண்டிருப்பார்களோ என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டே வருவாள்.

பூதம் பயந்து நிழலைக் கொடுத்துவிட்டு ஓடுவதாக முடிவு வைத்திருப்பதை ஒருநாள் இந்துப்ரியா சொன்னாள். வாரம் முழுக்க இருளாயிக்கு மனசு ஆறவில்லை. அடுத்த ஞாயிறு நேராக பாபுவிடம் போனாள்.

"அது ஏண்ணே ஓடணும்? குகைக்குள்ள அதுக்குத் துணையா இருந்ததே அந்த நெழலுதான?"

அன்று கடைசிக் காட்சியை முதலில் எடுத்தார் பாபு. இளவரசி கையை நீட்டினாள். இருளாயி போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"பகல்ல நீயே வச்சுக்க. பொழுது சாஞ்சா மட்டும் என்கிட்ட விட்டுட்டுப் போறியா?"

 இந்துப்ரியா நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அதுதான் முடிவு என்றார் பாபு.

பள்ளிக்கூட ஆண்டு விழாவில், ஒரு வெள்ளிக்கிழமை நாடகம். கம்பெனியில் அன்றைக்குச் சரக்கு ஏற்ற வேண்டும். காலையில் கேட்டாள், மதியம் கேட்டாள், சூப்பர்வைசர் விடவில்லை. நல்லகாமன்தான் பூதமாக நின்றான்.

சாமான்களைக் கட்டிவைக்க ஞாயிறன்று எல்லோரும் கூடினார்கள். அந்த வசனத்தைக் கேட்டதும், நிழலைப் பூதத்திடம் விட்டுவிடும்படி முன்வரிசையில் ஒரு சின்னப் பிள்ளை இளவரசியைப் பார்த்துச் சொன்னதை இந்துப்ரியா சொன்னாள். இருளாயி சிரித்தாள். பிறகு நல்லகாமனிடம், "ஒருக்கா சொல்லிக் காட்டுங்கண்ணே" என்றாள். அவன் சொல்லிக் காட்டினான். நன்றாகத்தான் சொன்னான்.

மூன்று வருஷம் கழித்து மேலூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். நாடகத்தைப் பற்றி அங்கே யாரிடமும் சொன்னதில்லை. மதுரைக்கு வந்தால் அந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கம் போய் வாசல் கேட்டுக்கு வெளியே சற்று நேரம் நிற்பாள். புருஷன் கேட்டால், தெரிந்த பிள்ளை ஒன்று இங்கே படித்தது என்பாள்.