பிந்தி ஏற்றிய வெள்ளை

என் றங்குப் பெட்டியின் அடியில் ஒரு வெள்ளைச் சால்வை கிடக்கிறது. நாலு முழம் இருக்கும். ஒரு மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளும் சிவப்புமாக ஒரு கறை. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவில் காய்ச்சும் ஒடியற் கூழின் கறை அது. வருடத்துக்கொரு முறை பெட்டியைத் துப்புரவாக்கும்போது மருமகள் அதை எடுத்து உதறி, "மாமா, இதை இனி எறிவமே?" என்று கேட்பாள். "கிடக்கட்டும் பிள்ளை" என்பேன். அவளும் பழையபடி மடித்து வைத்துவிடுவாள். முப்பது வருடத்துக்கு முன் ஒரு வைகாசிச் சனிக்கிழமை, காலை பத்து மணிக்குள், அந்தச் சால்வை தீவுக் கரையில் ஒரு கம்பத்தின் உச்சியில் பறந்திருக்க வேண்டும். பறந்திருந்தால் ஒரு மனிதர் அன்று மத்தியானம் தன் வீட்டில் இருந்து சோறு தின்றிருப்பார். பத்து மணிக்கு அது ஒரு கூழ்ப் பானையின் வாயை மூடிக்கொண்டு கிடந்தது.

அந்த மனிதரை ஊரெல்லாம் கம்புக்காரர் என்றே சொல்லும். எங்கள் கரைக்கும் தீவுக் கரைக்கும் நடுவே கிடக்கும் களக்கடல் ஒரு மைலுக்குக் கொஞ்சம் கூடுதலான அகலம். பெரும்பாலும் முழங்காலளவு தண்ணீர், சில இடங்களில் இடுப்பளவு. நடுவில் மட்டும் வத்தை என்னும் தோணிகள் போய்வரும் ஓடை ஒன்று உண்டு. அதை இன்ன இடத்தில்தான் கடக்கலாம் என்று தெரியாதவன் இறங்கினால் தாண்டுவான் என்ற நிச்சயமில்லை. கம்புக்காரர் கண்டல் தடிகளை வெட்டி வந்து, வழி நெடுகிலும் சேற்றில் ஊன்றி வைத்திருப்பார். காற்றில் சாய்ந்ததை நிமிர்த்துவதும், உக்கியதை மாற்றுவதும், வருகிறவர்களை ஓடைக்கு அப்பால் கொண்டுபோய் விடுவதுமே அவர் தொழில். ஓடையைக் கடத்தி விட்டதும் அவர் திரும்பிவிடுவார். மிச்ச வழியைக் கம்புகள் பார்த்துக்கொள்ளும். ஆனால் அதோடு வேலை முடிந்ததாக அவர் நினைப்பதில்லை. போனவர்கள் தீவுக் கரையில் ஏறியதும், அங்கே துறையில் நிற்கும் கம்பத்தில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி ஏற்ற வேண்டும். இக்கரையில் தன் வேலிப் படலையடியில் நின்று அதைக் கண்ட பிறகுதான் அவர் சாப்பிட உட்காருவார். வெள்ளை காணாமல் சோற்றில் கை வைத்ததில்லை என்று அவர் மனைவி சொல்லுவா. முன்பு ஒரு முறை வெள்ளை ஏறவில்லையென்று தேடிப்போய், கம்பு தவறிச் சேற்றில் புதைந்து நின்ற ஒரு வியாபாரியைத் தோளில் காவி வந்தவர். அது முழுத் துறைக்கும் தெரிந்த கதை. எனக்கும் தெரியும்.

நாங்கள் மூன்று பேர். நான் மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் உதவி ஆசிரியன். மற்றவர் எங்கள் பகுதி மருந்துச்சாலை அப்போதிக்கரி. மூன்றாமவர் நில அளவைப் பகுதியில் வேலை பார்த்த சேவையர், பத்து மாதம் மலைநாட்டில் இருந்துவிட்டு லீவில் வந்திருந்தார். சுன்னாகம் ஸ்டேஷனில் இறங்கியதுமே அவர் சொன்ன முதல் சொல், "பாணும் பருப்பும் திண்டு நாக்குச் செத்துப் போச்சு. ஒரு பிளா கள்ளும் ஒரு சட்டி கூழும் இல்லாமல் இந்த லீவு லீவில்லை" என்பது. சொல்வது சுலபம். எங்கள் பகுதிக் கள்ளுத் தவறணைகளை வாக்குப் போட்டு மூடியிருந்த காலம் அது. அதோடு நான் மதுவிலக்குச் சங்கத்தில் கையெழுத்து வைத்தவன். வகுப்புப் பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்திக் கையெழுத்து வாங்கியவன். ஊருக்குள் ஒரு பனையை நான் அண்ணாந்து பார்த்தாலே பள்ளிக்கூட மனேஜருக்குச் செய்தி போய்விடும். ஆகவே கடலைக் கடந்து போய்க் குடிப்பது என்று தீர்மானித்தோம். தீவில் சேவையருக்கு ஒரு மச்சான் இருந்தார், துறையிலிருந்து கூப்பிடு தூரத்தில் அவருடைய பனை வளவு. இன்று நினைத்தால் எனக்கே வெட்கமாயிருக்கிறது. ஒரு பிளாக் கள்ளுக்காக ஒரு மைல் தண்ணீரில் நடந்த கோழை நான்.

சைக்கிள்களைக் கம்புக்காரர் வளவில் சாத்திவிட்டு ஏழு மணிக்குக் கடலில் இறங்கினோம். வேட்டியை மடித்துக் கட்டி, சட்டையையும் செருப்பையும் மூட்டையாக்கித் தலையில் வைத்துக்கொண்டோம். தண்ணீர் இளஞ்சூடாக, அசைவில்லாமல் கிடந்தது. சேவையர் ஒவ்வொரு கம்புக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கண்ணால் அளந்து பிழை சொல்லிக்கொண்டு வந்தார். கம்புக்காரர் சிரித்துக்கொண்டே முன்னால் நடந்தார். மெலிந்த, உயரமான மனிதர், எங்களைவிடப் பத்து வயது மூப்பு. காலை வைக்கும்போது தண்ணீர் சத்தம் போடாது. ஓடைக்குக் கிட்ட வந்ததும் ஒரு முறை தென்மேற்கே திரும்பி நின்று பார்த்தார். அங்கே எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வானம் அடிவாரத்தில் சற்றுப் புழுதி படிந்தது போலிருந்தது, அவ்வளவுதான்.

"சோளகக் காத்து இண்டைக்கு முந்தி எழும்பும் போலை கிடக்கு. காத்து எழும்பினால் தண்ணி இஞ்சாலை தள்ளும், ஓடை கழுத்துக்கு வரும். கரைக்குப் போன உடனை வெள்ளையை ஏத்திப் போடுங்கோ."

ஓடையில் மார்பளவு தண்ணீரில் எங்கள் ஒவ்வொருவருடைய கையையும் பிடித்துக் கடத்திவிட்டு, என் தோளில் கிடந்த சால்வையைத் தொட்டுக் காட்டினார். மற்ற இருவரிடமும் வெள்ளைத் துணி இருந்தது, ஆனாலும் என்னிடம்தான் சொன்னார்.

"மாஸ்டர், உங்கடை பொறுப்பு. நான் பாத்துக்கொண்டு நிப்பன்."

"ஓம் அண்ணை, நீங்கள் போங்கோ" என்றேன்.

ஒன்பது மணி தாண்டிக் கரையேறினோம். மச்சான் துறைக்கே வந்து நின்றார். அவர் கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் நாங்கள் நேரே வளவுக்குப் போய்விட்டோம். கம்பம் எங்களுக்கு இடப்பக்கம் நூறு பாகத் தூரத்தில் நின்றது. சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து கட்டலாம் என்று நினைத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அந்தச் சாப்பாட்டை நான் பழிக்க மாட்டேன். பழித்தால் பொய்யாகும். பனைகளின் கீழே பாய் விரித்திருந்தது. மூன்று கல் அடுப்பில் பெரிய மண்பானை. ஒடியல் மாக் கரைசலில் நண்டும் இறாலும் திருக்கை மீனும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் வெந்து, செத்தல் மிளகாயும் பழப்புளியும் சேர்ந்து எழுந்த வாசனைக்கு, விடியற் காலையில் வெறுந் தேத்தண்ணியோடு புறப்பட்ட எங்கள் வயிறு சும்மா இருக்குமா? காலைச் சாப்பாடும் இல்லை, மத்தியானச் சாப்பாடும் இல்லை, இரண்டையும் சேர்த்து விழுங்கிய ஒரு பத்து மணிச் சாப்பாடு. விடிய இறக்கிய கள் முட்டியோடு வந்தது. பச்சை ஓலையில் கோலிய பிளாவை இரண்டு கையாலும் ஏந்தி, நுரையை ஊதி ஒதுக்கிவிட்டு அப்போதிக்கரி முதல் மிடறு குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு, "மாஸ்டர், உந்த மருந்தை நான் ஏன் ஒருத்தருக்கும் எழுதிக் குடுக்கயில்லை?" என்றார். எல்லோரும் சிரித்தோம். சேவையர் மலைநாட்டுத் துரைமார் குடிக்கும் போத்தல் பியரைப் பற்றிச் சொன்னார். கசப்புத் தண்ணீர், அதைக் குடிக்கவும் ஒரு கோட்டுப் போட வேண்டும் என்றார். அந்த நேரத்தில் முதல் காற்று வந்தது. பனை ஓலைகள் ஒரு முறை சரசரத்து நின்றன. மறுமுறை நிற்கவில்லை. வளவு மண் எழும்பிப் பாயில் விழுந்தது. "கூழுக்கை மண் விழப் போகுது, ஒரு துணி தாருங்கோ" என்று மச்சான் கேட்டார். என் தோளிலிருந்த சால்வையை எடுத்துக் கொடுத்தது நான்தான்.

கொடுத்த அந்தக் கணத்திலேயே எனக்கு நினைவு வந்தது. இதை நான் முப்பது வருடமாக ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன். எழுந்து இரண்டடி வைத்தேன். வேலி ஓட்டைக்கூடாகத் துறை தெரிந்தது. கம்பத்தடியில் எங்கள் மிஷன் உபதேசியார் குடையைப் பிடித்துக்கொண்டு, மனைவி பிள்ளைகளோடு வத்தைக்குக் காத்து நின்றார். என் வாயில் கள் மணத்தது. வேட்டியிலும் சிந்தியிருந்தது. அவர் வத்தை ஏறட்டும், பிறகு போய்க் கட்டலாம் என்று திரும்பி வந்து உட்கார்ந்தேன். அடுத்த பிளாவை வாங்கிக்கொண்டேன். காற்றினால் வத்தை பிந்தியது. பதினொரு மணிக்கு எட்டிப் பார்த்தேன், குடை நின்றது. பிறகும் பார்த்தேன், குடை அங்கேயே நின்றது. ஒவ்வொரு தரமும், கம்புக்காரர் எங்களை நம்புவார், மூன்று பேரும் படித்த ஆட்கள், கரை சேர்ந்திருப்பார்கள் என்று நினைப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நண்டுக் காலைக் கடித்துக்கொண்டே சொன்னேன். கூழ் தொண்டையில் இறங்கியது, ஆனால் பிறகு குடித்த எதற்கும் ருசி தெரியவில்லை.

மத்தியானம் தாண்டியிருக்கும். சேவையர் கை கழுவ வேலியோரம் போனவர் அப்படியே நின்றுவிட்டார். தூரத்தைப் பார்த்துப் பழகிய கண் அவருக்கு.

"ஓடைக்கு இஞ்சாலை ஆரோ வாறான். இந்தக் காத்துக்கை ஆர் வாறது?"

நான் பானையின் வாயிலிருந்து சால்வையை இழுத்துக்கொண்டு ஓடினேன். அதன் ஒரு மூலை கூழுக்குள் விழுந்து எழுந்தது அப்போதுதான். கடல் நிறம் மாறியிருந்தது. காலையில் நாங்கள் நடந்து வந்த தண்ணீரா இது என்றிருந்தது. கலங்கி, வெள்ளை வெள்ளையாக நுரைத்துக் கரையில் அடித்தது. கம்புகளில் பாதி உயரம்தான் தெரிந்தது. அவற்றின் ஓரமாக மார்பளவு தண்ணீரில் ஒரு ஆள், ஒவ்வொரு கம்பிலும் நின்று, இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்து வந்தார். எங்களைத்தான் தேடினார். கம்பத்தடியில் அவசரத்தில் எனக்கு முடிச்சு விழவில்லை. உபதேசியார் குடையைப் பெண்சாதியிடம் கொடுத்துவிட்டுக் கிட்ட வந்தார். என் மூச்சு அவர் முகத்தில்தான் பட்டிருக்கும். கயிற்றை என் கையிலிருந்து வாங்கி, சால்வையைக் கட்டி ஏற்றினார். எவருக்காக இரண்டு மணித்தியாலம் ஒளித்திருந்தேனோ, அவரே கட்டினார். அன்றைக்கும் சரி, பிறகு சாகும்வரைக்கும் சரி, அதைப் பற்றி அவர் ஒரு சொல் பேசியதில்லை.

சால்வை விரிந்து படபடவென்று அடித்தது. கடலில் நின்றவர் நிமிர்ந்தார். கையிலிருந்த தடியை ஒரு முறை தலைக்கு மேலே உயர்த்தினார். கண்டுவிட்டார் என்று நானும், என் பின்னால் ஓடி வந்திருந்த மற்ற மூவரும் சத்தமாக மூச்சு விட்டோம். அவர் திரும்பித் தன் கரைப் பக்கம் நடக்கத் தொடங்கினார். நாங்கள் நின்ற தீவுக் கரைதான் அவருக்குக் கிட்ட இருந்தது. திரும்பிப் போக அவர் ஓடையை மறுபடியும் கடக்க வேண்டும். இங்கே வரும்படி ஒருவராவது கையைக் காட்டியிருக்கலாம். எங்களுக்குத் தோன்றவில்லை. அவருடைய சோறு அந்தக் கரையில் இருந்தது, எங்களுடையது இந்தக் கரையில். நாங்கள் வளவுக்குத் திரும்பி மிச்சக் கூழைப் பங்கிட்டுக் குடித்தோம். சேவையர் பாயில் சரிந்து நித்திரையானார்.

மறுநாள் காற்று தணிந்ததும் வத்தையில் திரும்பினோம். கரையில் ஆட்கள் கூடி நின்றதைத் தூரத்திலிருந்தே கண்டோம். வத்தைக்காரர் துடுப்பை நிறுத்திவிட்டுத் தலைத்துண்டை அவிழ்த்தார். விடியற் காலையில் ஓடை ஓரத்துக் கம்பொன்றில் தடக்குண்டு கிடந்தவரை எடுத்து வந்திருந்தார்கள். அப்போதிக்கரி குனிந்து நாடி பார்த்தார். அது தேவையில்லையென்று அவருக்கும் தெரியும்.

கம்புக்காரரின் மனைவி அடுப்படி வாசலில் இருந்தா. பக்கத்தில் ஒரு சட்டி ஓலைப் பெட்டியால் மூடியபடி கிடந்தது. முதல்நாள் சோறு என்று பிறகு அறிந்தேன். என்னைக் கண்டதும் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டா.

"மாஸ்டர், வெள்ளை ஏத்தினியளோ?"

"ஏத்தினன் அக்கா. பிந்தித்தான். மறந்து போனன்."

மறந்து போனன் என்று எவ்வளவு லேசாக வந்தது அந்தச் சொல். அவ என் முகத்தையே பார்த்தா.

"அவர் கண்டவரோ?"

"ஓம். தடியைத் தூக்கிக் காட்டினவர்."

சட்டியை மூடியிருந்த பெட்டியை ஒரு தரம் தொட்டுப் பார்த்தா. பிறகு, "அப்ப ஆறுதலோடைதான் திரும்பியிருக்கிறார்" என்றா. சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்கள் மூண்டு பேரும் சாப்பிட்டியளோ?" என்று கேட்டா.

நல்ல வேளையாக யாரோ உள்ளே வந்தார்கள்.

அதற்குப் பிறகு நான் கள் தொட்டதில்லை. அதை ஒரு தவம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாயில்லை. மனேஜர் அதற்காக என்னைப் பலர் முன்னிலையில் மெச்சியதும் உண்டு. இப்போது தீவுக்குப் பாலம் போட்டுவிட்டார்கள். போன மாதம் ஒரு கலியாணத்துக்காக மகனும் மருமகளும் என்னை பஸ்ஸில் கூட்டிப் போனார்கள். கால் நனையாமல் போய்ச் சேர்ந்தோம். வெள்ளை ஏற்ற வேண்டிய தேவை ஒருவருக்கும் இல்லை. யன்னலால் பார்த்தேன், உக்கிய கம்பு ஒன்றாவது தெரியுமா என்று. தண்ணீர்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். மருமகள் கதவடியில் நின்று, "மாமா, உந்தச் சால்வையிலை அப்பிடி என்ன கிடக்கு?" என்று கேட்டாள். ஒருநாள் அதைக் கம்பத்தில் கட்ட மறந்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவளுக்கும் அதையே சொல்லியிருப்பேன், அவளும் நம்பியிருப்பாள். சால்வையை மடியில் விரித்துக் கறை பட்ட மூலையை அவள் கையில் கொடுத்தேன்.

"இரு பிள்ளை" என்றேன். "நான் மறக்கயில்லை."

அங்கிருந்துதான் சொல்லத் தொடங்கினேன்.