நார்வேக்காரர்களின் கச்சேரியும் என் லீவும்

நார்வேக்காரர்களின் இசை விழாவில் நான் இருந்திருக்கிறேன் என்று சொன்னால் சிலர் இப்போது என்னைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். அந்த விழாவின் மேல் எனக்கு இருக்கிற ஆத்திரம் இத்தனை வருஷமாகியும் ஆறவில்லை. நான் டிக்கெட் வாங்கிக்கொண்டு போனவன் இல்லை. எலக்ட்ரீஷியன். துபாய் அல் கூஸில் ஒரு காலி குடோனைப் பிடித்து, வியாழன், வெள்ளி, சனி என்று மூன்று நாள் நடத்தினார்கள். ஜெனரேட்டர், ஒயரிங், லைட் எல்லாம் எங்கள் கம்பெனி. இரண்டாயிரங்களின் நடுவில் ஏதோ ஒரு அக்டோபர். வெயில் குறைந்துவிட்டதாக எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் முதுகில் வேர்வை ஊற்றிக்கொண்டேதான் இருந்தது.

"இவங்க வாசிக்கிறதுக்குப் பாட்டெல்லாம் கிடையாதுப்பா. மேடைக்கு வந்தப்புறம் என்ன தோணுதோ அதான் மியூசிக். அங்க நார்வேல இது ரொம்ப ஃபேமஸ்" என்றார் மேனேஜர். மேனேஜர் சென்னைக்காரர். கராமாவில் குடும்பத்தோடு இருந்தார். பெண்டாட்டி பிள்ளைகளிடம் இங்கிலீஷில் பேசுவார். எங்களைத் திட்டுவதற்கு மட்டும் தமிழை வைத்திருந்தார்.

எனக்கு இசையைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. என் கவலை எல்லாம் வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு ஷார்ஜாவிலிருந்து கிளம்பும் திருச்சி விமானம். ஞாயிறு காலையில் என் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. எங்கள் மதுரைப் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். அந்தப் பிள்ளைக்கு இருக்கிற மாமன் நான் ஒருவன்தான். எனக்காக இரண்டு தடவை தள்ளி வைத்தாகிவிட்டது. இரண்டு தடவையும் கம்பெனி லீவு கொடுக்கவில்லை. பிள்ளைக்கு மூன்று வயது ஆகிவிட்டது. இந்தத் தடவை தங்கச்சியின் மாமியார் கறாராகச் சொல்லிவிட்டாராம்: "வந்தா அவன் மடி. வரலேன்னா எங்க ஆளுல ஒருத்தன் மடி."

கேட்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எங்கள் அப்பா செத்துப் பல வருஷம் ஆயிற்று. மாமன் மடி காலியாக இருந்தால், பிறந்த வீட்டில் இவளுக்கு நாதி இல்லை என்று ஊரே பார்த்துவிடும். தங்கச்சி போனில் சொன்னாள்: "அண்ணே, நீ சீரு செனத்தி ஒண்ணும் கொண்டு வர வேணாம். ஆளா வந்து உக்காரு. அது போதும்."

பாஸ்போர்ட் வழக்கம்போல மேனேஜரின் மேஜை டிராயரில். "வியாழக்கிழமை ஒரு நாள் நல்லபடியா ஓட்டிக் குடு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாஸ்போர்ட் உன் கையில" என்றார். நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது, விசா கொடுத்த கஃபீல் அரபியிடமா போய் நிற்க முடியும்?

வியாழக்கிழமை சாயங்காலம் கூட்டம் நூறு பேருக்குக் குறையாமல் வந்தது. வெள்ளைக்காரர்கள், லெபனான்காரர்கள், கறுப்புச் சட்டை போட்ட நம் ஆட்கள் நாலைந்து பேர். எல்லாரும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். ஒரு மொட்டைத் தலை நார்வேக்காரர் ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு மேடையேறினார். தகரத்தைத் தரையில் இழுத்தார். வயலின் வில்லால் ஒரு சைக்கிள் சக்கரத்தைத் தேய்த்தார். பல் கூசியது. அபுதாபிப் பக்கம் முசஃபாவில் மூன்று வருஷம் வெல்டிங் பட்டறையில் இதே சத்தத்தை ஓசியில் கேட்டவன் நான். அங்கே யாரும் கண்ணை மூடித் தலையாட்டியதில்லை.

நானும் என் ரூம்மேட் ராமநாதபுரத்து பாயும் மெயின் போர்டு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. ம்ம்ம் என்று அடிவயிற்றில் ஏறும் உறுமல். எர்த் சரியில்லாத இடத்தில் கேட்கிற உறுமல் அது. எந்த எலக்ட்ரீஷியனும் தூக்கத்தில்கூட அதைக் கேட்டால் எழுந்துவிடுவான். நிமிர்ந்து பார்க்கிறேன், அந்த ஆள் ஒரு ஒயரின் மொட்டை முனையை விரலால் தொட்டுத் தொட்டு எடுக்கிறார். தொடும்போதெல்லாம் உறுமல் கூடுகிறது. விரலை நாக்கில் நனைத்துவிட்டு மறுபடியும் தொடுகிறார். வெறுங்கால் வேறு! எங்கள் தொழிலில் முதலில் ஆஃப் பண்ணுவோம், பிறகுதான் கேள்வி. கை தானாகப் போய் மெயினை இறக்கிவிட்டது.

குடோன் இருண்டது. ஜன்னல் எல்லாம் கறுப்புத் துணி. போச்சு, என் லீவு போச்சு என்று நின்றேன். பிறகு ஒருவர் கைதட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள். விசில் அடித்தார்கள். லைட்டைப் போட்டதும் மொட்டைத் தலை ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அந்த ஒயரில் வந்தது ஸ்பீக்கருக்கான வெறும் சிக்னல்தானாம், ஒன்றும் செய்யாதாம். விரலால் அந்த உறுமலை வாசித்துக்கொண்டிருந்தாராம். அதை எப்படி முடிப்பது என்று தெரியாமல் இருந்தபோது நான் முடித்து வைத்தேனாம். "நீ நன்றாகக் கேட்கிறாய்" என்று இங்கிலீஷில் சொன்னார். அடப்பாவி, உன் உயிரைக் காப்பாற்ற வந்தவன்டா நான்!

பாய் சிரி சிரி என்று சிரித்தார். "மாப்ள, நீயும் வித்வான் ஆயிட்டியே!" நானும் சிரித்துத் தொலைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறுநாள் மத்தியானம் பெட்டியோடுதான் டியூட்டிக்கு வந்தேன். மேனேஜர் முகமெல்லாம் பல்.

"உன்ன ரொம்ப லைக் பண்ணிட்டாங்கப்பா. இன்னிக்கும் நாளைக்கும் நீதான் லைட்ட கட் பண்ணணுமாம். விழா நடத்துற லேடி புரோகிராம்லயே சேர்த்துட்டா."

"சார், எனக்கு இன்னிக்கு பிளைட்டு."

"டிக்கெட்ட மாத்திக்கலாம். திங்கக்கிழமை போ."

"ஞாயித்துக்கிழமை காதுகுத்து சார். நான் உக்காரணும்."

"காது குத்த ஆசாரி வருவான்ல? நீயா குத்தப் போற?"

அப்படியே பத்திக்கொண்டு வந்தது எனக்கு. பொறுத்தேன். யாராவது கட் பண்ணட்டும், பாய் பண்ணட்டும், சுவிட்சைக் கீழே இறக்க வித்தையா வேண்டும் என்று கெஞ்சினேன். "அவங்களுக்கு நீதான் வேணுமாம்" என்றார். பாஸ்போர்ட்டை ஐந்து மணிக்குக் கேட்டேன். ஐந்தரைக்குக் கேட்டேன். அவருடைய கார் வெளியே நின்றது. பாஸ்போர்ட்டை டிராயரிலிருந்து எடுத்து வந்து காருக்குள்தான் வைத்திருக்கிறார், வெளியே எடுக்க மனசுதான் இல்லை என்று பாய் வந்து சொன்னார்.

ஆறு மணிக்கு மொட்டைத் தலை மேடையேறிப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். நான் வெளியே போய் ஜெனரேட்டரையே நிறுத்தினேன். சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். லைட் இல்லை, ஸ்பீக்கர் இல்லை, ஏசி இல்லை. உள்ளே வந்து இருட்டில் மேனேஜரைத் தேடிப் பிடித்தேன்.

"பாஸ்போர்ட்டக் குடு. சாவி தாரேன்."

அதுவரைக்கும் அவரை நான் சார் போடாமல் பேசியதில்லை. பயந்துவிட்டார். இன்னும் இரண்டு நிமிஷம், கூட்டம் எழுந்து கத்தும், ஆள் தானாகக் காருக்கு ஓடுவார் என்று நினைத்தேன்.

ஒருத்தன் எழவில்லை. ஒருத்தன் கத்தவில்லை. ஏசி நின்ற அந்தத் தகரக் கொட்டகைக்குள் வேர்த்து ஊற்ற ஊற்ற, நூறு பேர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். விழா நடத்துகிற அம்மா இருட்டில் வந்து மேனேஜரின் காதில் ஏதோ சொன்னார். பிரமாதம் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். மேனேஜருக்கு மூச்சு வந்துவிட்டது.

"நல்லா இருக்காம்பா. அப்படியே விடு" என்றார்.

அவ்வளவுதான். நான் கத்த ஆரம்பித்தேன். மேனேஜரை, கம்பெனியை, நார்வேயை, அவர்கள் தகரத்தை, சக்கரத்தை, அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவர் பரம்பரையையும் வாய்க்கு வந்தபடி கிழித்தேன். "என் மடியில உக்கார வேண்டிய புள்ளடா! எவன் மடியிலயோ தூக்கி வைக்கப் போறாங்கடா!" என்று கத்தினேன். அழுதும்விட்டேன். பாக்கெட் டார்ச் வெளிச்சம் ஒன்று என் மேல் விழுந்தது. பார்த்தால் மொட்டைத் தலை பக்கத்தில் வந்து நிற்கிறார். நான் கத்துவதற்கு ஏற்ற மாதிரி மெதுவாகத் தகரத்தைத் தட்டுகிறார். நான் கூட்டினால் கூட்டுகிறார், குறைத்தால் குறைக்கிறார். பாட்டரியில் ஓடும் டேப் ரெக்கார்டரை ஒரு பெண் என் வாய்க்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தாள்.

நான் நிறுத்தியதும் எழுந்து நின்று கைதட்டினார்கள். எவ்வளவு நேரம் தட்டினார்களோ, அவ்வளவு நேரமும் நான் அங்கேயே நின்றேன். வேறு எங்கே போவது? ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். அந்த அம்மாளிடம் எனக்குக் கோபம் வரவில்லை, அதுதான் கொடுமை. பாஸ்போர்ட் எங்கே என்று அவரிடம் கேட்டால் அவருக்கு என்ன தெரியும்?

சாவியைப் பாயிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்து என் பெட்டி மேல் உட்கார்ந்தேன். பத்து மணி விமானம் என்னை விட்டுவிட்டுப் போயிற்று. சனிக்கிழமை என்னைக் கட்டி இழுத்தும் நான் குடோனுக்குப் போகவில்லை. பாய்தான் மெயினை இறக்கினார். அதற்கும் கைதட்டினார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் தங்கச்சிக்குப் போன் போட்டேன். ரொம்ப நேரம் அவள் எடுக்கவில்லை. எடுத்ததும், "முடிஞ்சிருச்சுண்ணே. எங்க வீட்டுக்காரரோட பெரியப்பா மகன் உக்காந்தாரு" என்றாள். பின்னால் சாப்பாட்டுப் பந்தியின் இரைச்சல். நான் எல்லாவற்றையும் சொன்னேன். லைட்டை நிறுத்தியதை, சண்டை போட்டதை, அத்தனை பேர் முன்னால் தொண்டை கிழியக் கத்தியதை.

"கத்துனா விட்ருவாங்களாண்ணே?" என்றாள். "இங்க புள்ளையுந்தான் மாமா மாமான்னு கத்துச்சு. நாலு பேரு பிடிச்சுக்கிட்டுக் குத்திட்டாங்க."