அண்ணனுக்கு எழுதிய இரண்டு தாள்

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. நினைவு மலரில் அத்தைதான் எழுத வேண்டும் என்று அண்ணன் மகள் தாளும் பேனாவும் கொண்டு வந்து வைத்துவிட்டாள். நான் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடினால் அடுப்படிக்குப் போய்விடுகிறவள். எழுத்தில் குறை இருந்தால் உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் கிள்ளானை அடுத்த கேரித் தீவுத் தோட்டத்தில் பிறந்தார். அப்பா சீக்கிரமே தவறிவிட்டார். அம்மா தோட்ட வேலைக்குப் போய் எங்கள் இருவரையும் வளர்த்தார். பத்தொன்பது வயதில் அண்ணன் பட்டாளத்தில் சேர்ந்தார். கிள்ளான் பஸ் ஸ்டேஷனில் வழியனுப்பும்போது என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“பாப்பா, அம்மாவுக்கு எழுதத் தெரியாது. நீதான் எழுதணும். பெரிய விஷயமெல்லாம் வேணாம். வீட்ல என்ன நடக்குதோ அத அப்படியே எழுது.”

வாரம் ஒரு கடிதம் எழுதினேன். எங்கள் கோழி தினமும் பக்கத்து வீட்டு விறகு அடுக்கில் போய் முட்டையிடும். “என் வீட்ல போட்டா என் முட்டை” என்பார் அந்த வீட்டு அக்கா. “தீனி எங்க தின்னுச்சு, அதச் சொல்லு” என்பார் அம்மா. இந்தச் சண்டையை ஒன்று விடாமல் எழுதுவேன்.

அண்ணனுக்கு வடக்கே காட்டை ஒட்டிய கேம்பு. விடியும் முன்னே விசில். படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் திட்டு. காட்டுக்குள் போனால் பல நாள் டின் மீனும் பிஸ்கட்டும்தான். காலில் போட்ட சப்பாத்தைக் கழற்றினால் உள்ளே ரத்தம் குடித்த அட்டை. ‘அம்மா அனுப்பிய மிளகாய்த்தூளைப் போட்டு டின் மீனைச் சமைத்தோம். மலாய்க்கார கோப்ரல் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார்’ என்று ஒரு முறை எழுதியிருந்தார். அதைப் படித்துச் சொன்ன மறுநாளே அம்மா வாசலில் மிளகாய் காய வைத்தார்.

ஒரு தீபாவளிக்கு லீவில் வந்தபோது மணியம் என்ற கூட்டாளியையும் அண்ணன் அழைத்து வந்தார். அவர் வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே, “எங்க லா அந்தக் கோழி?” என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“கேம்புல ரெண்டு கட்சி, தங்கச்சி. நான் உங்கம்மா பக்கம். கோப்ரல் பக்கத்து வீட்டுப் பக்கம். சாயங்காலம் சப்பாத்து தேய்க்க உக்காந்தா உன் கடுதாசிதான். உங்கண்ணன் படிப்பாரு, நான் கோப்ரலுக்கு மலாய்ல சொல்லுவேன்.”

அம்மா சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம்.

“அந்த பந்திங் மாப்பிள்ளை வீட்டுக்காரங்கள விடு தங்கச்சி. ஏழு முறுக்கத் தின்னுட்டு பதில் சொல்லாமப் போனவங்க. எங்களுக்கெல்லாம் அவ்வளவு கோவம்!”

அவர்கள் என்னைப் பெண் பார்க்க வந்தபோது என் நிறத்தைப் பற்றி முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. அம்மாவிடம்கூடச் சொல்லாமல் அண்ணனுக்கு மட்டும் எழுதியிருந்தேன். அது கேம்பு முழுக்கத் தெரிந்திருக்கிறது. அந்தத் தீபாவளிக்கு நான் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

பிறகு நான் எழுதவில்லை. அம்மா நச்சரித்தால் ‘இங்கு அனைவரும் நலம்’ என்று ஒரு வரி. மாதங்கள் போயின. அண்ணனின் கடிதங்களும் சுருங்கிப் போயின. அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இவ்வளவுதானா? பின்னாடி ஒண்ணும் இல்லையா?” என்பார். என் வெட்கத்தால் அம்மாவுக்குப் பிள்ளை தூரமாகிவிடுவாரோ என்று பயந்தேன். ஆனாலும் கை வரவில்லை.

அடுத்த லீவில் வந்த அண்ணன் உடுப்பைக்கூட மாற்றாமல் அடுப்படி வாசலில் உட்கார்ந்தார்.

“தப்புதான் பாப்பா. மணியத்துக்கு வீட்டுலேர்ந்து கடுதாசியே வராது. எழுத ஆளில்ல. அவனாட்டம் இன்னும் ரெண்டு பேரு. அவனுங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே நான் மட்டும் எப்படித் தனியாப் படிக்கிறது? உன் கடுதாசி வந்தா நாலு பேருக்கும் வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி. ஆனா அந்த முறுக்கு விஷயத்தப் படிச்சிருக்கக் கூடாது.”

நான் தலை நிமிராமல் வெங்காயம் உரித்தேன். “கோழியப் பத்தி வேணும்னா படிங்கண்ணே” என்றேன். “ரெண்டு தாள் எழுதுறேன். பெரிய தாள் எல்லாருக்கும். மடிச்ச சின்னத் தாள் உங்களுக்கு மட்டும்.”

அண்ணன் பட்டாளத்தை விட்டு வரும்வரை அப்படித்தான் எழுதினேன். சின்னத் தாளில் இருந்த ஒரு சொல்லும் வெளியே போகவில்லை.

பிறகு கிள்ளானில் வீடு வாங்கிக் குடியிருந்தார். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கட்டடத்துக்குக் காவல் இருக்கும் ஜாகா வேலை, ரயிலில் போய் வருவார். சாயங்காலம் சப்பாத்து தேய்க்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. பேரப்பிள்ளைகளின் பள்ளிச் சப்பாத்துக்கும் அவரே வெள்ளை பூசுவார். கைப்பேசி வந்த பிறகு ஞாயிறுதோறும் என்னை அழைத்து, வீட்டில் எல்லாரும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டு, “பெரிய தாளச் சொல்லு பாப்பா” என்பார். முடிந்ததும், “சின்னத் தாள் இருக்கா?” என்பார். இருக்கிறது என்றால் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு வாசலுக்குப் போய்விடுவார்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் அவரால் பேச முடியவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து பெரிய தாளைச் சொன்னேன். மற்றவர்கள் வெளியே போனதும், இரண்டு விரலால் போர்வையின் நுனியை மடித்துக் காட்டினார். சின்னத் தாளையும் சொன்னேன்.

காரியம் முடிந்து அண்ணன் மகள் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டு வந்தாள். பெரிய தாள்கள் எல்லாம் மடிப்பில் கிழிந்து, சப்பாத்து மை பட்ட விரல் அடையாளங்களோடு இருந்தன. அடியில், பழைய உடுப்பின் பச்சைத் துணியில் அண்ணனே தைத்த ஒரு பை. வாய் முழுக்கத் தைத்து மூடியிருந்தது.

“இத நீங்க மட்டும்தான் பிரிக்கணும்னு அப்பா சொன்னாரு அத்தை. அம்மாகூடத் தொட்டதில்ல” என்றாள். நான் இன்னும் பிரிக்கவில்லை.

படுத்திருந்த நாளெல்லாம் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், தாதியர்களுக்கும், கூடாரம் போட்டு நாற்காலி அடுக்கிய அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் நன்றி. செமினியிலிருந்து முழங்கால் வலியோடு வந்து தோள் கொடுத்த மணியம் அண்ணனுக்கும், தன் அப்பாவுக்குப் பதிலாக வந்து கடைசிவரை நின்ற கோப்ரலின் மகனுக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள்.

இது பெரிய தாள். எல்லாரும் படிக்கலாம், சத்தமாகவும் படிக்கலாம். வெட்கமாகத்தான் இருக்கிறது, பரவாயில்லை. சின்னத் தாளையும் எழுதி, மடித்து, அண்ணன் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அதை மட்டும் யாரும் எடுக்க வேண்டாம்.

அன்புத் தங்கை