பெரெசொவ்காவில் எத்தனை புகை?

லிடியா அக்கா இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் எங்களோடு வேலை செய்த செல்வம் அண்ணை. ஒக்டோபர் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பல் வைத்தியரிடம் டெர்மின் எடுத்து, என்னைக் கூப்பிடும் நேரத்துக்குக் காத்திருந்தபோது அவருடைய அழைப்பு வந்தது. "தங்கச்சி, லிடியா அக்கா மோசம் போயிட்டா. இருதயமாம். மகள் இப்பதான் எடுத்துச் சொன்னவ" என்றார். எனக்குப் பல்வலியே மறந்துபோனது. அழுகை வருவதற்கு முன்னால் வந்த நினைப்பு ஒன்றுதான்: ரஷ்யாவுக்குச் சொல்ல வேண்டும், அதற்கு ஒரு தொலைபேசி அட்டை வாங்க வேண்டும்.

ஜெர்மனியில் இந்தப் பான் நகர ஆஸ்பத்திரிச் சமையற்கூடத்தில் அவரோடு வேலை செய்த உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பின்னால் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். சைபீரியாவில் பெரெசொவ்கா என்ற சின்னக் கிராமத்தில் பிறந்தவர். தாய் தகப்பன் ஜெர்மன் வம்சத்தவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வொல்கா ஆற்றங்கரையிலிருந்து பிடித்து ஏற்றப்பட்டு அங்கே இறக்கப்பட்டவர்கள். அக்கா அந்தக் கிராமசபையில் பதினெட்டு வருடம் எழுதுவினைஞராக இருந்தார். தொண்ணூறுகளில் குடும்பத்தோடு ஜெர்மனிக்கு வந்தார். எங்களோடு சேர்ந்து நோயாளிகளுக்குச் சாப்பாட்டுத் தட்டம் அடுக்கினார். எங்களைவிட மூத்தவர் என்பதால் நாங்கள் தமிழர் எல்லோரும் அக்கா என்றோம். பிறகு துருக்கிக்காரரும் அப்படியே கூப்பிடத் தொடங்கினார்கள். அவர் பேசியது ரஷ்ய வாடை அடிக்கும் ஜெர்மன். எனக்குள் அது எப்படியோ யாழ்ப்பாணத் தமிழாகவே பதிந்திருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

முதல் வாரமே அவருடன் எனக்குக் கொழுவல். தட்டங்களை நகர்த்திச் செல்லும் ஓடும் பட்டியில் ஒவ்வொரு தட்டத்துக்கும் ஓர் அட்டை வரும். பெயர், வார்ட்டு, உப்பில்லாததா, சீனியில்லாததா என்று அதில் இருக்கும். அட்டையைப் பார்த்து நான் தட்டம் வைக்க, அவர் அதை எடுத்து ஒதுக்கிவிட்டு வார்ட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். பட்டி நின்றது. நான் எரிந்து விழுந்தேன். அந்த நோயாளி நேற்றுக் காலையிலேயே வீட்டுக்குப் போய்விட்டார் என்று வார்ட்டில் சொன்னார்கள். நேற்று அந்தத் தட்டம் தொடாமலே திரும்பி வந்ததை அக்கா கவனித்திருக்கிறார். "கடதாசியிலை ஆள் இருக்கும். கதிரையிலை இருக்காது" என்றார். இந்த மனிசியோடு காலம் தள்ளுவது கஷ்டம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

அவருடைய கைப்பையில் எப்போதும் ஒரு தடித்த கட்டக் கொப்பி இருக்கும். பெரெசொவ்காவை விட்டுப் புறப்படுவதற்கு முன்னால், கிராமசபைப் பதிவேட்டிலிருந்து வீடு வீடாகப் பார்த்து எழுதிய பிரதி அது. யார் இருந்தார், எங்கே போனார், தொலைபேசி இலக்கம் என்ன என்று மூன்று கட்டங்கள். இடைவேளைகளில் அவர் சொல்லச் சொல்ல அந்த ஊரின் சரித்திரம் எனக்குப் பாடமாகிவிட்டது. ஆற்றில் படகு வலித்தவன் ஒருவன் போட்ட குடிசையில் தொடங்கியது ஊர். பிறகு மரம் வெட்ட வந்தவர்கள் தங்கினார்கள். போர் ஆண்களைக் கொண்டுபோனது. அதே போர் அக்காவின் பெற்றோர் போன்றவர்களைக் கொண்டுவந்து இறக்கியது. பின்னர் கூட்டுப்பண்ணையைப் பக்கத்து ஊரோடு சேர்த்தார்கள், பள்ளிக்கூடத்தை மூடினார்கள், ஜெர்மன்காரர் ஜெர்மனிக்குக் கிளம்பினார்கள். இதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கி நான் கண்டதில்லை. அந்தச் சேற்றை நினைத்தாலே கால் கடிக்கிறது, பான் தனக்குப் போதும் என்பார்.

சனத்தொகையை அவர் புகையால்தான் எண்ணுவார். முதற்பனி கொட்டிய மறுநாள் காலை மேட்டில் ஏறி நின்று, எத்தனை கூரையில் புகை எழும்புகிறது என்று பார்ப்பது அவருடைய வழக்கம். அந்தக் குளிரில் அடுப்பு மூட்டாமல் எவரும் இருக்க முடியாது. ஆனால் ஒருமுறை அதிலும் சறுக்கினார். விதவை ஒருத்தி மகனோடு நகரத்துக்குப் போயிருக்க, அவளுடைய வளவில் இருந்த, அடுப்பு மூட்டி வேர்த்துக் குளிக்கும் குளியல் வீட்டை அயலவர்கள் சூடாக்கியிருக்கிறார்கள். மேட்டிலிருந்து பார்த்த அக்கா அதை வீட்டுப் புகையென்று எண்ணிவிட்டார். ஒரு வருடம் முழுக்க, அவருடைய கணக்கைப் பார்த்து ரொட்டி கொண்டுவந்த பாண் வண்டி அந்த விதவையின் பங்கையும் இறக்க, அயலவர்கள் மூச்சுக் காட்டாமல் சாப்பிட்டார்கள். இதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் அவரைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல.

அக்கா எங்களோடு வேலை செய்துகொண்டிருந்த ஓர் இலையுதிர்காலத்தில் பெரெசொவ்கா ஒரு புகைக்கு வந்துவிட்டது. மிஞ்சியவர் நியூரா, பழைய தபாற்காரி. ஊரில் இருந்த ஒரே தொலைபேசி அவர் வீட்டில்தான். தனியே குளிர்காலத்தைக் கழிக்க விடமாட்டேன் என்று மகள் நகரத்துக்குக் கூப்பிட்டாள். நியூரா போனால் பனி தள்ளும் வாகனம் வராது, மின்சாரத்தை வெட்டுவார்கள், ஆளில்லாத ஊரென்று பட்டியலிலிருந்து பெயரையும் எடுத்துவிடுவார்கள். முதற்பனிக்கு முன்னால் இன்னொரு கூரையில் புகை வந்தால் நிற்கிறேன், இல்லாவிட்டால் போகிறேன் என்று நியூரா சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு அக்காவுக்கு இடைவேளை என்பதே இல்லாமல் போனது. நான் தமிழ்க்கடையில் தொலைபேசி அட்டை வாங்கி வருவேன். அவர் கொப்பியில் ஒவ்வொரு பெயராக எடுத்து அழைப்பார். சிலர் சிரித்தார்கள், சிலர் பழைய வேலித் தகராற்றைக் கிளப்பினார்கள். சனமில்லாத ஊருக்கு ஏன் இந்தப் பாடு என்று செல்வம் அண்ணை பகிடி பண்ணினார். அக்கா தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"பதினொரு குடும்பத்தின்ரை வெளிக்கிடுற கடதாசியிலை நான்தான் முத்திரை குத்தினனான். பன்னிரண்டாவது என்ரை. போறவைக்கு முத்திரை குத்தின கை, வாற ஒருத்தருக்காவது குத்த வேணும்."

அடுத்த அட்டையைச் செல்வம் அண்ணையே வாங்கி வந்தார்.

கடைசியில் அகப்பட்டவர் விக்தோர். அவரும் பெரெசொவ்காவில் பிறந்தவர், கசகஸ்தானில் குடியிருந்தார். ஜெர்மனிக்கு வருவதற்கு அவர் போட்ட விண்ணப்பம், அந்த அன்ட்ராக், நிராகரிக்கப்பட்டு, எங்கே போவதென்று தெரியாமல் இருந்த நேரம் அது. அக்கா அவருக்கு விஷயத்தைச் சொன்னார். அவர் ஒரேயொரு கேள்வி கேட்டாராம்: அடுப்பு இடியாமல் இருக்கிறதா? மனைவியையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு அவர் போய்ச் சேர்ந்து ஒன்பதாம் நாள் பனி கொட்டியது. அன்று நாங்கள் பட்டியை நிறுத்திவிட்டு அக்காவைச் சுற்றி நின்றோம். மேட்டில் ஏறி இறங்கி வந்த நியூரா, தொலைபேசியில் இரண்டு புகை என்றார். மற்றது குளியல் வீடு இல்லையே என்று அக்கா கேட்க, நியூரா ரஷ்ய மொழியில் திட்டியது எங்களுக்கும் விளங்கியது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் மதியச் சாப்பாடு பிந்தியது. அக்கா சிரித்துக்கொண்டே அழுதார், நானும்தான்.

அந்தக் குளிர்காலத்தில்தான் என் பக்கம் திரும்பினார். "உம்மடை ஊரிலை எத்தனை பேர்?" என்றார். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் எங்கள் ஊரை ஆமிக்காரர் சனத்தை வெளியேற்றி எடுத்து வருடக்கணக்காகியிருந்தது. ஒருத்தரும் இல்லை என்றேன். அது பதில் இல்லை என்று அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கொப்பியைத் தலைகீழாகத் திருப்பி, பின்பக்கத்தில் மூன்று கோடு போட்டு, முதலாம் வீடு என்று எழுதினார். "ஆள் போனால் போனதெண்டு எழுதும். எங்கை எண்டு எழுதாமல் வரியை மூடாதேயும்" என்றார். எங்கள் வீட்டுக்கு மூன்றாம் வளவில் இருந்தவர்களின் பெயர் எனக்கு வரவில்லை. வெட்கமாக இருந்தது. பாரிஸுக்கும் ரொறன்ரோவுக்கும் எடுத்து விசாரித்தேன். இரண்டு வருடத்தில் அறுபது வீடு நிரம்பியது. மூன்றாம் வளவுக்காரர் மன்னாரில் இருந்தார்கள். என்னோடு படித்த அவர்களுடைய மகள் இப்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுகிறாள். அந்த ஊருக்கு என்றைக்கு விடுவார்களோ தெரியாது. விடும் நாளில் யாருக்கு அறிவிப்பது என்பது எனக்குத் தெரியும்.

ஓய்வு பெற்றபோது, பாதி உம்முடையதுதானே என்று அக்கா கொப்பியை என்னிடம் தந்துவிட்டார். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து அதைத் திறந்தேன். பெரெசொவ்கா, ஒன்பதாம் வீடு. அவருடைய வரியில் பான் என்று அவரே எழுதியிருந்தார். பக்கத்தில் கல்லறையின் பெயரையும் வரிசையையும் எழுதினேன். தொலைபேசி இலக்கம் மட்டும் இனி பிரயோசனமில்லை. அதை வெட்டிவிட்டு அந்தக் கட்டத்தை வெறுமையாக விட மனம் வரவில்லை. என்னுடைய இலக்கத்தை எழுதினேன். விக்தோருக்குச் செய்தி சொன்னபோது அதையும் கொடுத்தேன்.

நவம்பரில் ஒரு காலை, வேலைக்கு வெளிக்கிடும் நேரத்தில் தொலைபேசி அடித்தது. விக்தோருடைய பழங்கால ஜெர்மனும் என்னுடைய சமையற்கூட ஜெர்மனும் ஒன்றையொன்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. இரவு பனி கொட்டியதாம், மேட்டிலிருந்து இப்போதுதான் இறங்கி வந்தாராம்.

"ஐந்து" என்றார்.

"ஒன்று குளியல் வீடு இல்லையே?" என்று கேட்டேன்.

ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன் என்றார். ஒரு காலில் சப்பாத்தோடு மேசையில் உட்கார்ந்து, கொப்பியில் ஐந்து என்று எழுதினேன்.