கோப்பி கொண்டுபோகச் சொன்ன முகாமையாளர்

டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் ஒரு சூதாட்ட மெசின் கூடத்தில் பகல் வேலை செய்தேன். சூதாட்டத்துக்கு அடிமையானவர்களை எப்படி அடையாளம் காண்பது என்று முதல் வாரமே வகுப்பு எடுத்தார்கள். சாப்பிடக்கூட எழும்பமாட்டார்கள், வீட்டுக்குப் பொய் சொல்வார்கள் என்றெல்லாம் சொல்லித் தந்து, படித்ததாகக் கையெழுத்தும் வாங்கினார்கள்.

முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் ஒரு தமிழ் அக்கா, காலை வேலை முடிந்ததும் சீருடையோடு வருவார். ஒரு நாள் அவருடைய பிள்ளையின் பாலர் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு கையில் போனைப் பிடித்தபடி, பஸ் பிந்திவிட்டது என்று டேனிஷில் சொன்னார். மற்றக் கை மெசினின் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தது.

முகாமையாளரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார். "நல்ல வாடிக்கையாளர். ஒரு கோப்பி கொண்டுபோய்க் கொடு" என்றார். பிறகு எதற்கு அந்த வகுப்பு?

நான் கோப்பி எடுக்கவில்லை. நேரே அக்காவிடம் போனேன்.

"அக்கா, பிள்ளை பாத்துக்கொண்டு நிக்குமெல்லோ. எழும்புங்கோ, நான் காரில கொண்டுபோய் விடுறன்."

"உமக்கென்ன தெரியும்?" என்று சீறினார். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். "என்னால எழும்ப ஏலாமக் கிடக்கு."

கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனேன்.

வேலை நேரத்தில் வெளியே போனதற்காக அடுத்த நாளே என்னை நிறுத்தினார்கள். அக்கா இப்போது சிகிச்சைக்குப் போகிறார். வேலை போனதில் எனக்குக் கவலையில்லை. வாடிக்கையாளரின் நலனே தங்களுக்கு முக்கியம் என்று அந்தக் கூடத்தின் வாசலில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அதைக் கடந்து போகும்போதெல்லாம் கிழித்தெறியக் கை துடிக்கிறது.